நிஜ வாம்பயர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் யார்? ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 2005இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. ஈஸ்டர், கிறிஸ்துமஸ் மாதிரியான நாட்களில் வீடில்லாதவர்களுக்குச் சமைத்துப் போடுவது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. சங்கத்தின் பெயர் நியூ ஆர்லியன்ஸ் வாம்பயர் அசோசியேஷன். உறுப்பினர்கள் தங்களை வாம்பயர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். அவர்களில் சிலர் மனித ரத்தம் குடிப்பவர்கள்.

இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் நம் ஊரில் பேச்சு இரண்டு பக்கம்தான் போகும். "ரத்தக் காட்டேரி நிஜமாகவே இருக்கிறது, பார்த்தீர்களா" என்பது ஒன்று. "எல்லாம் பைத்தியம்" என்பது இன்னொன்று. இரண்டுமே அந்த மனிதர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதற்கு முன்பே வந்துவிடும் தீர்ப்புகள். அவர்கள் என்ன உணர்கிறார்கள், அதற்காக என்ன செய்கிறார்கள், அது ஏன் நடக்கிறது என மூன்று கேள்விகள் இதில் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான் இவ்வளவு குழப்பம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இவர்கள் சொல்லாத விஷயங்கள்

செத்துப் பிழைத்தவர்கள் என்று இவர்கள் சொல்லிக்கொள்வதில்லை. சாகாவரம் பெற்றதாகவும் சொல்வதில்லை. சவப்பெட்டியில் தூங்குவதில்லை, கண்ணாடியில் முகம் தெரிகிறது, மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள், வயதாகிறது, நோய் வருகிறது. வேலைக்குப் போகிறார்கள், வாடகை கட்டுகிறார்கள். கடவுள் நம்பிக்கை உள்ள கிறிஸ்தவர்களும் அவர்களில் உண்டு, நாத்திகர்களும் உண்டு.

அப்படியானால் எந்த அர்த்தத்தில் வாம்பயர்? தன் உடல்நலமும் மனநலமும் சரியாக இருக்க, அவ்வப்போது இன்னொரு மனிதரின் ரத்தமோ உயிராற்றலோ தேவைப்படுகிறது, கிடைக்காவிட்டால் தளர்ந்துபோகிறேன் என்று சொல்பவரே இந்தக் கட்டுரையில் வரும் 'நிஜ வாம்பயர்'. இதைத் தான் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் அவர் சேர்த்துச் சொல்வார். பருவமடையும் வயதை ஒட்டி இந்தத் தேவையை உணரத் தொடங்கியதாகப் பலர் சொல்கிறார்கள். அந்தக் கட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'விழிப்பு'.

இவர்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு கூட்டமும் உண்டு. பல் மருத்துவப் பொருட்களால் செய்த கோரைப் பல்லை மாட்டிக்கொண்டு, கறுப்பு உடையில் இரவு விருந்துகளுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு வாம்பயர் என்பது ஓர் அழகு, ஒரு வாழ்க்கை முறை. உடல் தேவை எதுவும் கிடையாது. அந்தப் பழக்கம் கொண்ட நிஜ வாம்பயர்கள் சிலர் உண்டு என்றாலும், வேறு பலருக்குக் கறுப்பு உடையும் பேய்ப் படமும் துளிகூடப் பிடிக்காது. ஜான் எட்கர் பிரௌனிங் என்ற அமெரிக்க ஆய்வாளர் நியூ ஆர்லியன்ஸிலும் பஃபலோ நகரிலும் இவர்களோடு நெருங்கிப் பழகி எழுதிய ஆய்வுக் குறிப்பு 2015இல் வெளியானது. உடையையும் அலங்காரத்தையும் வைத்து இவர்களை அடையாளம் காண முடியாது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

இந்தச் சமூகம் உருவானது அண்மைக் காலத்தில்தான். ஸ்டீபன் கப்லன் என்பவர் 1972இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு மையம் தொடங்கி, தங்களை வாம்பயர் என்று கருதுபவர்களைத் தேடினார். 1991இல் அட்லாண்டா பக்கமிருந்து வாம்பயர் கதாபாத்திரங்களாக நடித்து விளையாடும் ஒரு விளையாட்டு வந்தது. பிறகு இணையம். தனித்தனியாக இருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். குழுக்களை ஒழுங்குபடுத்திக்கொள்ள அந்த விளையாட்டிலிருந்து சில சொற்களையும் எடுத்துக்கொண்டார்கள்.

பழைய கதைகளின் வாம்பயர் வேறு

ஐரோப்பியக் கிராமங்களில் பேசப்பட்ட பழைய வாம்பயர் ஒரு பிணம். கல்லறையிலிருந்து எழுந்து வந்து உறவினர்களின் உயிரை உறிஞ்சும் என்று நம்பினார்கள். ஊரில் அடுத்தடுத்துச் சாவு விழும்போது, முதலில் செத்தவர் மீது பழி போகும். குழியைத் தோண்டிப் பார்ப்பார்கள். உடல் அழுகும்போது வாயுவால் வயிறு உப்பும், வாயோரம் சிவந்த திரவம் கசியும். இதெல்லாம் இயல்பாக நடப்பதுதான். அதைப் பார்த்தவர்களுக்கோ, பிணம் ரத்தம் குடித்துக் கொழுத்திருப்பதாகத் தோன்றியது.

இதில் என் மனதை மிகவும் பாதித்தது அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், எக்ஸிடர் என்ற ஊரில் நடந்த சம்பவம். பிரௌன் என்ற விவசாயக் குடும்பத்தில் அம்மாவும் மூத்த மகளும் காசநோயில் இறந்துபோனார்கள். 1892 ஜனவரியில் 19 வயது மெர்சியும் போய்விட்டாள். மகன் எட்வின் அதே நோயில் படுத்திருந்தான். அக்கம்பக்கத்தார் அப்பாவை விடாமல் நச்சரித்து, மார்ச் மாதம் மூன்று பேரின் உடல்களையும் வெளியே எடுத்துப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் இறந்து இரண்டே மாதமான மெர்சியின் உடல் கெடாமல் இருந்தது. இதயத்தில் ரத்தம் இருந்தது. அதை எடுத்து எரித்துச் சாம்பலைத் தண்ணீரில் கலந்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அவனும் இறந்தான். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் அதற்குப் பத்து வருடம் முன்பே, 1882இல், கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார்.

மெர்சி தன்னை வாம்பயர் என்று ஒருநாளும் சொல்லவில்லை. செத்த பிறகு மற்றவர்கள் அவளுக்கு ஒட்டிய பெயர் அது. இன்றைய நிஜ வாம்பயர் உயிரோடு இருப்பவர். தன் உடம்பில் உணரும் ஒன்றுக்குத் தானே அந்தப் பெயரை வைத்துக்கொள்பவர். பெயர் ஒன்றாக இருப்பதால் பழைய கதையின் குணங்களை இவர் தலையில் ஏற்றக் கூடாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: இவர்கள் பேயும் இல்லை, வேஷம் போடுபவர்களும் இல்லை. ஒரு தேவையை உணர்வதாகச் சொல்லும் சாதாரண மனிதர்கள்.

காப்பி இல்லாத காலை

அந்தத் தேவை எப்படி இருக்கும்? தினமும் மூன்று, நான்கு வேளை காப்பி குடிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் காப்பி கிடைக்கவில்லை. மதியத்துக்குள் தலை வலிக்கிறது, எரிச்சல் வருகிறது, வேலையில் மனம் நிற்பதில்லை. சாயங்காலம் ஒரு டம்ளர் உள்ளே போனதும் உலகம் சரியாகிவிடுகிறது. "எனக்குக் காப்பி வேண்டும்" என்று அவர் சொன்னால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

ரத்தம் வேண்டும் என்று சொல்பவர்கள் விவரிப்பதும் இதுபோன்ற வரிசையைத்தான். சில நாட்கள் கிடைக்காவிட்டால் சோர்வு, தலைவலி, வயிற்றைப் பிசைவது, மனச்சோர்வு. கிடைத்ததும் தெம்பு. இந்த அளவுக்கு அவர்கள் சொல்வது உண்மை என்று ஏற்றுக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. தலை வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் வலிக்கிறதுதான். ஏன் வலிக்கிறது என்பது வேறு கேள்வி. காப்பிக்கு அந்த ஏன் தெரியும்: கஃபீன் மூளையில் ஒரு வேதிப்பொருளின் வேலையைத் தடுத்து வைத்திருக்கிறது, கஃபீன் நின்றதும் அந்தப் பொருள் முழுவீச்சில் வேலைசெய்ய, மூளையின் ரத்தக் குழாய்கள் விரிந்து வலிக்கிறது. ரத்தத்துக்கு அப்படி நிரூபிக்கப்பட்ட ஒரு 'ஏன்' கிடையாது.

ரத்தம் எடுப்பவர்கள், ஆற்றல் எடுப்பவர்கள்

ரத்தம் குடிப்பவர்கள் தங்களைச் சாங்குவினேரியன் என்று அழைத்துக்கொள்கிறார்கள். ரத்தம் தருபவர் டோனர். அவர் முழுச் சம்மதத்தோடு வரும் வயதுவந்தவராக இருக்க வேண்டும் என்பது இந்தச் சமூகத்தில் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்படும் விதி. இரண்டு பேரும் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும், சிலர் எழுத்தில் ஒப்பந்தம் போடுவதும் உண்டு. கழுத்தைக் கடிப்பது சினிமாவில்தான். அங்கே பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. மனித வாயில் கிருமிகளும் ஏராளம். இவர்கள் கிருமி நீக்கிய சிறு கத்தியாலோ, சர்க்கரை பார்க்கக் குத்தும் ஊசியாலோ சின்னதாகக் கீறி எடுக்கிறார்கள். பயிற்சி உள்ளவர்கள் சிரிஞ்சில் எடுப்பார்கள். அளவு பெரும்பாலும் சில துளிகள், போனால் ஒன்றிரண்டு டீஸ்பூன். பிரௌனிங் தன் ஆய்வின்போது தானே ஒருமுறை டோனராக இருந்து முதுகில் கீற விட்டிருக்கிறார்.

இரண்டாவது வகையினர் ரத்தத்தைத் தொடுவதே இல்லை. மற்றவர்களின் உயிராற்றலை எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். தொடுவதால், பக்கத்தில் உட்காருவதால், கூட்டத்தின் நடுவில் இருப்பதால் அது கிடைக்கிறதாம். இந்த ஆற்றலுக்கு அவர்களில் பலர் சொல்லும் பெயர் நமக்கு நன்றாகத் தெரிந்தது: பிராணன். இந்தச் சொல் மேற்கே போன வழியில் சென்னைக்கும் பங்குண்டு. 1875இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட பிரம்மஞான சபை 1882 டிசம்பரில் அடையாறுக்குக் குடிவந்தது. பிராணன், சூட்சும சரீரம் போன்ற கருத்துகளை ஆங்கிலத்தில் எழுதி மேற்கத்திய வாசகர்களிடம் பரப்பியதில் அந்தச் சபைக்குப் பெரிய இடம் உண்டு. அதை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட், வாம்பயர் நம்பிக்கையைச் சூட்சும சரீரத்தை வைத்து விளக்கி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். அந்தச் சிந்தனை பல கைகள் மாறி, இருபதாம் நூற்றாண்டின் மறைஞானக் குழுக்கள் வழியாக இன்றைய ஆற்றல் வாம்பயர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

ரத்தம், ஆற்றல் இரண்டும் எடுப்பதாகச் சொல்லும் கலப்பு வகையினரும் இருக்கிறார்கள். உயிராற்றல் என்ற ஒன்றைக் கருவி வைத்து அளந்து காட்ட முடியாது என்பதால், விளக்கத்தைத் தேட ரத்தத்தின் பக்கம் போவதுதான் வசதி.

ஒரு டீஸ்பூன் ரத்தத்தில் என்ன இருக்கிறது?

"அவர்களுக்கு ஏதோ சத்துக் குறைவு, அதை ரத்தம் ஈடுகட்டுகிறது" என்ற விளக்கத்தை அடிக்கடி கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி. ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். ஆக ஒரு டீஸ்பூனில் 2.5 மில்லிகிராம். நம் நாட்டுப் பரிந்துரைப்படி வயதுவந்த ஆணுக்கு ஒருநாள் உணவில் 19 மில்லிகிராமும் பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் இருக்க வேண்டும். புரதம்? அந்த டீஸ்பூனில் ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஒரு முட்டையில் ஆறு கிராம். இரும்போ புரதமோதான் குறை என்றால், வாரத்துக்கு ஒரு டீஸ்பூன் ரத்தத்தால் அது தீரவே தீராது. ஈரலோ மாத்திரையோ பல மடங்கு வேலை செய்யும்.

வயிற்றுக்குப் போன ரத்தம் ரத்தமாகவே உடம்பில் சேர்வதும் இல்லை. மற்ற சாப்பாட்டைப் போலவே அமிலத்திலும் செரிமானச் சுரப்புகளிலும் உடைந்துவிடும். இன்னொருவரின் சிவப்பணு குடல் வழியாக நம் ரத்தக் குழாய்க்குள் ஓட வழியே கிடையாது. மருத்துவமனையில் ரத்தத்தை ஊசி வழியாக ஏற்றுவது அதனால்தான்.

போர்ஃபிரியா என்ற தவறான விளக்கம்

இங்கே ஒரு நோயின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதன் பெயரில் நிறைய அநியாயம் நடந்திருக்கிறது. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீம் என்ற பொருள். அதை உடல் தயாரிக்கும் படிகளில் ஒன்று பழுதாகும் அரிய நோய்களின் தொகுதிக்குப் பெயர் போர்ஃபிரியா. அதில் சில வகைகளில் வெயில் பட்டால் தோல் கொப்பளிக்கும். 1985இல் டேவிட் டால்ஃபின் என்ற கனடா வேதியியல் பேராசிரியர், பழைய வாம்பயர்கள் இந்த நோயாளிகளாக இருந்திருக்கலாம், ஹீமுக்காக ரத்தம் குடித்திருக்கலாம் என்று ஒரு மாநாட்டில் பேசினார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன.

அந்த விளக்கம் தேறவில்லை. குடித்த ரத்தத்தின் ஹீம் குடலில் சிதைந்து இரும்பாகப் பிரிந்துவிடும். தேவையான இடத்துக்கு ஹீமாகப் போய்ச் சேராது. வெயில் பட்டால் வாம்பயர் அழிந்துபோகும் என்பதும் நாட்டார் கதையில் இல்லை, அதைப் பிரபலமாக்கியது 1922இல் வந்த ஒரு ஜெர்மன் ஊமைப் படம். ஆனால் பேச்சு பரவிவிட்டது. வலியோடு போராடிக்கொண்டிருந்த நோயாளிகள் "நீங்கள் ரத்தம் குடிப்பீர்களா" என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இன்றும் தமிழ்க் காணொளிகளில் இது அறிவியல் உண்மையாக உலவுகிறது. தயவுசெய்து பகிராதீர்கள்.

அப்படியானால் தெம்பு வருவது எப்படி?

சத்தும் இல்லை, போர்ஃபிரியாவும் இல்லை. இருந்தும் குடித்தவர் தேறிவிட்டதாகச் சொல்கிறார். பொய்யா? அவசியமில்லை. காப்பி விஷயத்துக்கே திரும்பலாம். ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிறையக் காப்பி குடிப்பவர்களை 24 மணிநேரம் அது இல்லாமல் வைத்துவிட்டு, சிலருக்குக் கஃபீன் நீக்கிய காப்பியைக் கொடுத்தார்கள். அதில் கஃபீன் இருப்பதாக நம்பவைக்கப்பட்டவர்களுக்குத் தொந்தரவுகள் நன்றாகக் குறைந்தன. கஃபீன் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கும் ஓரளவு குறைந்தன.

மருந்துப் பொருள் எதுவும் உள்ளே போகாமலே, எதிர்பார்ப்பாலும் பழக்கத்தாலும் உடல்நிலை நிஜமாகவே மாறுவதற்குப் பெயர் பிளசீபோ விளைவு. மணம், சூடு, கையில் டம்ளர் எல்லாம் சேர்ந்து, நிவாரணம் வரப்போகிறது என்று மூளைக்குச் சொல்கின்றன. மூளை வலியைக் குறைக்கும் சுரப்புகளை விடுகிறது. வலி கற்பனை இல்லை, குறைந்ததும் கற்பனை இல்லை.

ரத்தம் குடிப்பதில் எதிர்பார்ப்பும் சடங்கும் காப்பியைவிடப் பல மடங்கு. நம்பிக்கையான ஒருவர் தன் உடம்பைக் கீறித் தருகிறார். ரகசியம், நெருக்கம், படபடப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. பிளசீபோவுக்கு இதைவிட வளமான இடம் அமையாது. என் கணிப்பு இது. உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், எது ரத்தம், எது போலி என்று குடிப்பவருக்கும் கொடுப்பவருக்கும் தெரியாமல் வைத்துச் சோதிக்க வேண்டும். இந்தச் சமூகத்துக்கே விடை தேடும் ஆர்வம் உண்டு: அட்லாண்டாவில் இயங்கிய ஒரு வாம்பயர் குழு 2006 முதல் சில ஆண்டுகள் விரிவான கேள்வித்தாள் ஆய்வை நடத்தியது.

சுருக்கமாக: உணர்வு உண்மை. ரத்தத்தில் தனிச் சத்து எதுவும் இல்லை. இடைவெளியை விளக்க, நமக்கு ஏற்கெனவே தெரிந்த பிளசீபோ போதுமானதாக இருக்கலாம்.

இது மனநோயா?

ரத்தம் குடிக்கத் தூண்டும் ரென்ஃபீல்ட் சிண்ட்ரோம் என்று ஒரு மனநோயே இருப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். அந்தப் பெயரை 1992இல் உருவாக்கியவர் ரிச்சர்ட் நோல் என்ற உளவியலாளர். மனநோய்களுக்குப் புதுப்புதுப் பெயர் சூட்டும் போக்கைக் கேலி செய்யத்தான் அதை எழுதினேன் என்று பிற்பாடு அவரே சொன்னார். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அதிகாரபூர்வ நோய்ப் பட்டியல்களில் அது இல்லை. ரத்தம் குடித்தாக வேண்டும் என்ற பிரமையோடு வன்முறையில் இறங்கிய மனநோயாளிகளைப் பற்றிய பதிவுகள் மருத்துவத்தில் உண்டு, மிக அரிதாக. அங்கே சம்மதம் என்ற பேச்சே இருக்காது.

1996இல் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த பதின்வயதினர் சிலர், தன்னை 500 வயது வாம்பயர் என்று சொல்லிக்கொண்ட ஒரு பையன் தலைமையில் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே அவன் தங்கள் தோழியின் பெற்றோரை அடித்துக் கொன்றான். கொடூரமான குற்றம். அதன்பின் வாம்பயர் என்ற சொல்லே கொலையோடு ஒட்டிக்கொண்டது. டோனரிடம் அனுமதி கேட்டு, பரிசோதனை செய்து, சில துளி எடுப்பவரையும் அந்தக் கொலையாளியையும் ஒரே பட்டியலில் வைப்பது நியாயம் இல்லை.

அந்தப் பட்டியலுக்கு ஒரு விலை இருக்கிறது. ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டி.ஜே. வில்லியம்ஸ், எமிலி பிரையர் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வு 11 நிஜ வாம்பயர்களிடம் ஒரே விஷயத்தைக் கேட்டது: மருத்துவரிடமோ சமூகப் பணியாளரிடமோ இதைச் சொல்வீர்களா? பெரும்பாலும் பயம்தான் பதிலாக வந்தது. பைத்தியம், கெட்ட ஆள் என்று முத்திரை குத்துவார்கள், வேலை போகும், குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயம்.

மருத்துவரிடம் மறைப்பதில்தான் ஆபத்து

ரத்தம் குடிப்பது பாதுகாப்பான பழக்கம் இல்லை. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, ஹெச்.ஐ.வி. மூன்றும் ரத்தத்தால் பரவுபவை. வாயில் ஒரு சிறு புண் போதும், வழி திறந்துவிடும். தொற்று ஏற்பட்ட ஆரம்ப நாட்களில் பரிசோதனையில் தெரியாமலும் போகலாம். கொஞ்சம் அதிகமாகக் குடித்தால் குமட்டி வாந்தி வரும். தொடர்ந்து அதிக அளவில் குடித்தால் இரும்பு சேரும். மிஞ்சிய இரும்பை வெளியேற்ற நம் உடம்புக்குச் சரியான வழி இல்லாததால் அது ஈரலிலும் இதயத்திலும் படியும். கீறுபவர் கை தவறினால் டோனருக்கும் ஆபத்து. இதைப் படிக்கும் இளைஞர்கள் யாரும் பரிசோதித்துப் பார்க்க வேண்டாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று சத்தமில்லாமல் நடக்கிறது. விடாத சோர்வு, தலைவலி, மனச்சோர்வு என்று இவர்கள் சொல்லும் தொந்தரவுகள் ரத்தசோகையிலும் வரும், தைராய்டு குறைவிலும் வரும், சர்க்கரை நோயிலும், வைட்டமின் பி12 குறைவிலும், மனஅழுத்த நோயிலும் வரும். எல்லாவற்றுக்கும் சாதாரணப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. 'நான் வாம்பயர், அதனால் இப்படி' என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டவருக்கு அந்தப் பரிசோதனை எடுக்கத் தோன்றாமல் போகலாம். எடுக்க வந்தாலும், முகம் சுளித்துச் சிரிக்கும் மருத்துவரிடம் அவர் பாதிக் கதையைத்தான் சொல்வார். அந்த மருத்துவர் சிரிக்காமல் கேட்டால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுவிடலாம். இரும்பு அளவையும் தைராய்டையும் பார்த்துவிடலாம். டோனரையும் ஒருமுறை வரச் சொல்லலாம்.